இரண்டு மணிக்கொரு தரம்

வெண்ணந்தூரைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போகும் மண் தடத்தில் தனப்பிரியா ஸ்கூட்டியை இறக்கியபோது மணி பத்தே முக்கால். வெயில் அதற்குள் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் எங்கோ விசைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. தடம் முடிகிற இடத்தில் தனியாக ஓர் ஓட்டு வீடு. பக்கத்து வீடு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு காடு தாண்டி நடக்க வேண்டும்.

முதியோர் பராமரிப்பு மேனேஜர் என்பது அவள் உத்தியோகம். சேலத்தில் சின்னதாக ஒரு கம்பெனி. பிள்ளைகள் மெல்போர்னிலும் டல்லாஸிலும் இருப்பார்கள், பெற்றவர்கள் இங்கே இருப்பார்கள், நடுவில் தனப்பிரியா இருப்பாள். மாத்திரை, டாக்டர், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்களை நியமிப்பது, அந்தப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு போனால் வேறு பெண்ணைத் தேடுவது. மொத்தம் பதினேழு வீடுகள் அவள் பொறுப்பில்.

இந்த வீட்டு வேலைக்கு வைத்திருந்த பெண் ரஞ்சிதா காலையில்தான் ஃபோன் செய்திருந்தாள்.

"அக்கா, நான் இனி அந்த ஊட்டுக்குப் போக மாட்டனுங்க."

"ஏன்? பெரியவர் திட்டினாரா?"

"அவரு தங்கமானவருங்க. எனக்குக் கைதான் விட்டுப்போச்சு. ரெண்டு பேத்தப் பாத்துக்கிட்டு, அதுல ஒருத்தரத் திருப்பியும் போட என்னால முடியாதுங்க."

"ரெண்டு பேரா? இருக்கறதே ஒருத்தர். அவரும் எந்திரிச்சு நடக்கறவர். யாரை நீ திருப்பிப் போட்டே?"

"நீங்கதான கிளாஸ்ல சொன்னீங்க, பெரியவங்க என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லோணும்னு? மூணு மாசமா ஆமா ஆமான்னே சொன்னேன். அங்கதானுங்க்கா தப்பாப் போச்சு."

வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும், அதற்கு ஒரு கதை என்று தனப்பிரியா சிரித்துக்கொண்டாள். புதுப் பெண் தேவிப்ரியா மதியம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை தானே இருந்துவிட்டு, நாலு மணிக்குள் ஆட்டையாம்பட்டி போய்ச் சேர வேண்டும். மகள் கிருத்திகாவின் ஸ்கூல் வேன் நாலேகாலுக்கு வரும். ஏழு வயது. கணவன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஒடிசா போய் மாதம் இரண்டாகிறது. குழந்தைக்கு அவள் ஒருத்திதான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

முதலில் டெட்டால் வாசனை வந்தது. அடுத்து வேப்பெண்ணெய். அதற்கும் அடியில் இன்னொன்று.

எட்டு வருஷ அனுபவம். அந்த மூன்றாவது வாசனையை அவள் மூக்குக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புரண்டு படுக்க முடியாதவர்களை அப்படியே போட்டுவைத்தால் முதுகில் புண் வரும். அந்தப் புண் சீழ் பிடித்து, மெத்தைப் பஞ்சில் ஊறி, நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் வருகிற வாசனை.

"வாங்க சாமி. கம்பெனியிலிருந்துதான வாரீங்க?"

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சின்னண்ணன். எண்பத்து நான்கு வயது. சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. அவருக்கு முன்னால் ஓர் இரும்புக் கட்டில். அதில் மெத்தை, அதன் மேல் ரப்பர் ஷீட், வெள்ளைத் துப்பட்டி, தலையணை. யாரும் இல்லை.

"ரஞ்சிதா ஓடிட்டாளாட்ட இருக்குது? நல்ல புள்ள. வாயிதான் காது வரைக்கும்." பெரியவர் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு.

தனப்பிரியா அவர் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. இடுப்பு, குதிகால், எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் வாசனை எங்கிருந்து வருகிறது?

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. பெரியவர் பரபரத்தார்.

"காளியை எடப்பக்கம் திருப்போணும் சாமி. ரெண்டு மணிக்கொருக்காத் திருப்பலேன்னா முதுகு போயிரும். இன்னிக்கு என்னமோ எனக்குக் கை வரல, நெஞ்ச அடைக்குது. நீங்க ஒரு கை புடிங்க."

மறதி நோய்க்காரர்களோடு வாதாடக்கூடாது. இதைத் தனப்பிரியா எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பாள்! செத்துப்போன மனைவி வந்திருக்கிறாள் என்று சொன்னால் 'சாப்பிட்டாங்களா' என்று கேளுங்கள். இல்லை என்று மறுத்தால் அவர்கள் பதறுவார்கள், நீங்கள் ஆமாம் என்றால் அமைதியாகிவிடுவார்கள். அவ்வளவுதான் வித்தை.

"இதோ திருப்பறனுங்கய்யா."

வெறும் கட்டில் மேல் குனிந்து, தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையும் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையும் கொடுத்து, காற்றைப் புரட்டிப் போட்டாள். தலையணையைச் சரி செய்தாள். தன் நடிப்பு அவளுக்கே பிடித்திருந்தது.

பெரியவர் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கப்பறம் இவள ஆரு பாப்பாங்க?"

"நான் பாத்துக்கறனுங்கய்யா. நீங்க கவலைப்படாதீங்க."

இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வாள் அவள். அம்மாவை விட்டுப் போக மனமில்லாமல் ஏர்போர்ட்டில் நிற்கும் மகன்களுக்கு, ஆபரேஷனுக்கு முந்தின நாள் அழும் கிழவர்களுக்கு. அது அவள் தொழிலின் வாக்கியம்.

"வாயில சொன்னாப் பத்தாது சாமி." பெரியவர் வலது உள்ளங்கையை நீட்டினார். "கையடிச்சுக் குடுங்க."

மாடு விற்றாலும் நிலம் பேசினாலும் இந்தப் பக்கத்தில் கையடித்துக் கொடுத்தால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு மாற்றிப் பேச முடியாது.

தனப்பிரியா சிரித்துக்கொண்டே அவர் கையில் தன் கையை அடித்தாள்.

பட்.

பெரியவர் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் ஒரு நொடியில் தளர்ந்தது. "நாப்பது வருசம் சாமி," என்றார். நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடினார்.

பத்து நிமிஷம் கழித்து மாத்திரை கொடுக்க எழுப்பினாள். அவர் எழவில்லை. நாடி பார்த்தாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

மெல்போர்னிலிருந்த மகன் இரண்டாவது ரிங்கில் எடுத்து, கொஞ்சம் அழுது, கடைசியில் வழக்கம்போலச் சொன்னான். "நாளன்னிக்குத்தான் மேடம் ஃப்ளைட். என் தங்கச்சி சேந்தமங்கலத்துல இருக்கா, அங்கே கொண்டு போயிருங்க. மத்ததெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்."

அக்கம்பக்கத்தில் சொல்லலாம் என்று அவள் வாசலுக்குப் போனாள். இடது கால் நிலைப்படியைத் தாண்டி வெயிலில் பட்டது. இடது கை, தலை, தோள் எல்லாம் தாண்டின.

வலது கை தாண்டவில்லை.

சேலை எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். எதுவும் மாட்டவில்லை. வலது கை நீண்டபடி வீட்டுக்குள் நின்றிருந்தது. இழுத்தாள். மணிக்கட்டில் குளிர்ச்சியாக ஏதோ இறுகியது.

விரல்கள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தோலில் நான்கு பள்ளங்கள் விழுந்தன. எதிர்ப்பக்கம் கட்டை விரலுக்கு ஒன்று.

அவள் போட்ட சத்தத்தில் இரண்டு காடு தள்ளித் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த முருகானந்தம் மண்வெட்டியோடு ஓடி வந்தார். ஐம்பது வயதுக்காரர், அந்த வீட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர். உள்ளே எட்டிப் பார்த்ததுமே பெரியவர் போய்விட்டார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் படியேறவில்லை.

"ஏனுங்கம்மிணி, வெளிய வாங்க."

"வர முடியலீங்க. கையை... விட மாட்டேங்குது."

முருகானந்தம் அவள் இடது கையைப் பிடித்து இழுத்தார். அவள் தோளெலும்பு கடக்கென்றது. அலறினாள். அவர் கையை விட்டார். அப்போதுதான் அவள் வலது மணிக்கட்டைப் பார்த்தார். பள்ளங்கள் இன்னும் ஆழமாகியிருந்தன.

"பெரியவருக்குக் கையடிச்சுக் குடுத்தீங்களா?"

தனப்பிரியா தலையாட்டினாள்.

"போச்சு போங்க." அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து தடத்து மண்ணிலேயே குந்தி உட்கார்ந்தார். "காளியாத்தா அவருக்குத் தங்கச்சிங்க. இளம்பிள்ளை வாதம், கழுத்துக்குக் கீழ அசைவில்ல. சாகப்போற அப்பங்கிட்ட, நான் பாத்துக்கறேன்னு இவரு கையடிச்சுக் குடுத்தாரு. நல்லாத்தான் பாத்தாரு. ஒருக்கா, ஒரே ஒருக்கா, பொண்டாட்டி புள்ளைங்க ஊருக்குப் போயிருந்தப்ப, ரிக் வண்டி கர்நாடகாவுல ரிப்பேராகி நிக்குதுன்னு, ராத்திரிக்கு வந்தர்றேன்னு கதவப் பூட்டிட்டுப் போனாரு. நாலு நாளாயிப் போச்சு."

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எடுக்கறப்ப முதுகு மெத்தையோட வந்துச்சுங்க. எங்கப்பன்தான் தூக்குனாரு. அன்னிலிருந்து சின்னண்ணன் இந்தப் படியத் தாண்டல. சொந்தப் பையன் கண்ணாலத்துக்கே போவல. தாண்ட முடியாதுன்னுதான் ஊருக்குள்ள சொல்லுவோம். ஆராச்சும் கையடிச்சு வாங்கிக்கிட்டாத்தான் விடும்னு..."

அவள் பார்வை தன் கையில் நிற்பதை அவர் கவனித்தார். உடனே எழுந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னைக் கேட்டுராதீங்கம்மிணி. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க."

பன்னிரண்டரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவரும் உதவியாளனும் அவசர அவசரமாகப் பெரியவரைத் தூக்கினார்கள். நாற்பது வருஷமாகப் படி தாண்டாத மனிதர் வெள்ளைத் துணிக்குள் லேசாகத் தாண்டிப் போனார். முருகானந்தம் பூசாரியைக் கூட்டி வருவதாகச் சொல்லி அதே வண்டியில் ஏறிக்கொண்டார். அவர் திரும்பி வரமாட்டார் என்பது அவர் ஏறிய வேகத்திலேயே தெரிந்தது.

கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே பட்டப்பகல். அவள் ஸ்கூட்டி, அதில் தொங்கும் ஹெல்மெட், அதற்கப்பால் அசையாமல் நிற்கும் மரவள்ளி. விசைத்தறிச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடிகாரம் ஒன்று அடித்தது.

கட்டிலின் இரும்பு முனகியது.

"திருப்பு."

காதில் கேட்டதா, நெஞ்சுக்குள் கேட்டதா? ரொம்ப நாள் தண்ணீர் படாத தொண்டை.

மெத்தையைப் பார்த்தாள். பதினொரு மணிக்குத் தட்டையாக இருந்த துப்பட்டி இப்போது நடுவில் குழிந்திருந்தது. தோளுக்கு ஒரு குழி. இடுப்புக்கு ஒன்று. குதிகாலுக்கு இரண்டு. துப்பட்டியில் மஞ்சளாக ஓர் ஈரம் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். மணிக்கட்டில் பிடி இறுகியது. இறுக்கியபடியே இழுத்தது. ஒரு அடி. இன்னொரு அடி. கட்டில் விளிம்பு தொடையில் இடித்தது.

குனிந்தாள். தோளுக்குக் கீழே ஒரு கை கொடுத்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு கை.

இந்தத் தடவை கைக்குக் கனம் தட்டியது.

எலும்பும் தோலுமான ஓர் உடம்பின் கனம். கையில் ஏதோ பிசுபிசுத்தது. பழக்கப்பட்ட கைகள் அவள் சொல்லாமலே வேலையைச் செய்தன. மெதுவாக, இழுக்காமல், உரசாமல் வலப்பக்கம் திருப்பின. முடிந்ததும் ஒரு நீண்ட பெருமூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

பிடி தளர்ந்தது. விடவில்லை.

இரண்டேகாலுக்கு வந்து நின்றாள் தேவிப்ரியா. இருபத்திரண்டு வயது, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸ்.

"மேடம், சாரிங்க, பஸ்ஸு லேட்டு. உள்ள வரட்டுங்களா?"

தனப்பிரியா படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். பணி மாற்றம் நூறு தடவை செய்திருக்கிறாள். நோயாளியின் பெயர், மாத்திரை நேரம், எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும், எல்லாம் சொல்லிவிட்டு 'இனிமே நீ பாத்துக்கறியா?' என்று கேட்டால் போதும். 'பாத்துக்கறனுங்க மேடம்' என்பாள். கையை நீட்டினால் சிரித்துக்கொண்டே அடிப்பாள். அரை நிமிஷம்கூட ஆகாது. நாலேகாலுக்கு வேன் வரும்போது தனப்பிரியா தெருமுனையில் நிற்பாள்.

வலது கை தானாக உயர்ந்தது.

"என்னங்க மேடம், கையெல்லாம் நீலமா இருக்குது?" என்று பதறி அந்தப் பெண் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"ஏறாதே!" தனப்பிரியா கத்தினாள். "பெரியவர் போயிட்டார். இங்க இனி வேலை இல்லை. போயிரு."

"நீங்க தனியா..."

"போடீ!"

தேவிப்ரியா முகம் சுண்டித் திரும்பி நடந்தாள். தடத்தின் முனையில் அவள் மறையும் வரை தனப்பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிலைப்படியின் உள்பக்கம் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

மூன்று மணிக்கு மறுபடி திருப்பினாள். கனம் கூடியிருந்தது.

கணவனுக்கு ஃபோன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆட்டையாம்பட்டியில் தன் பக்கத்து வீட்டுக் கந்தம்மாளைக் கூப்பிட்டாள். "அக்கா, வேன்ல பாப்பா வருவா. எறக்கி உங்க ஊட்டுலயே வெச்சுக்குங்க. எனக்கு வர நேரமாகும்."

"அதுக்கென்ன கண்ணு, நான் என்ன வேத்தாளா? ஏன் குரலு ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

நாலரைக்கு, அவள் நிலைப்படியோரமே உட்கார்ந்திருந்தபோது, கந்தம்மாளின் ஃபோனிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்தாள். எடுக்காமல் இருக்க முடியவில்லை. இனி அந்த முகத்தை எப்போது பார்ப்போமோ?

யூனிஃபார்மில், இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து, வாயோரம் பிஸ்கட் தூளோடு கிருத்திகா.

"அம்மா, எப்ப வருவ?"

"வாரேன் சாமி. பால் குடிச்சியா?"

"ஏம்மா அழுவுற?"

"அழலியே. வெயிலு."

குழந்தை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பின்னால படுத்திருக்காங்களே, அந்த அக்கா யாரும்மா?"

தனப்பிரியா திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் குழி மட்டும்தான் தெரிந்தது.

"அங்கிருந்தே கைய நீட்டி உன் கையப் புடிச்சிட்டே படுத்திருக்காங்க. அவங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"கிருத்தி, ஃபோனை வை."

"என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கம்மா."

"கிருத்தி! ஃபோனைக் கந்தம்மாக்காகிட்டக் குடு!"

"அவங்களப் பாத்துக்க ஆளில்லைனுதான் அழுவுறியா? நீ வந்துரும்மா. அவங்கள நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம்!"

"கையடிச்சுச் சொல்றேன்."

திரை முழுக்க ஒரு சின்ன உள்ளங்கை வந்து மோதியது.

பட்.

மணிக்கட்டில் இருந்த குளிர் போய்விட்டது.

தனப்பிரியா நிலைப்படிக்கு வெளியே மல்லாந்து விழுந்தாள். எழுந்து திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் துப்பட்டி தட்டையாகக் கிடந்தது. வாசனை சுத்தமாக இல்லை.

வீடு காலியாக இருந்தது.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. ஐந்தேகாலுக்கு ஆட்டையாம்பட்டியில் அவள் தெரு. கந்தம்மாள் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்கூட்டுல இருக்கவே மாட்டேங்கறா கண்ணு. எங்கூட்டுக்குப் போவோணும், அக்காவப் படுக்க வெக்கோணும்னு ஒரே அழுவாச்சி. எங்கிட்ட நீ குடுத்து வெச்ச சாவியப் புடுங்கிட்டுப் போயிட்டா. உங்கூட்டுக்கு ஆராச்சும் வந்திருக்காங்களா என்ன, ஆரு அந்த அக்கா?"

தனப்பிரியா உள்ளே ஓடினாள்.

படுக்கையறையில் விளக்குப் போடவில்லை. அவளுடைய கட்டிலருகே பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள் கிருத்திகா. நெற்றியெல்லாம் வேர்வை. அம்மாவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"உஷ். அஞ்சு மணிக்குத்தான் திருப்பினேன். ரொம்பக் கனம்மா அவங்க."

அந்த வாசனை அறையில் நிறைந்திருந்தது.

தனப்பிரியா குழந்தையை இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். படியைத் தாண்டியதும் கிருத்திகா வீலென்று அலறினாள். வலது கை வீட்டுக்குள் நீண்டு நின்றது. பிஞ்சு மணிக்கட்டில் நான்கு பள்ளங்கள்.

மறுபடி உள்ளே வந்தாள். குழந்தையை இறக்கி விட்டாள். அந்தக் கை அவளை அறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போயிற்று. தனப்பிரியா பின்னாலேயே போய்க் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"அடி சாமி. அம்மா கையில அடி. அம்மாவே பாத்துக்கறேன். சத்தியமாப் பாத்துக்கறேன். அடிம்மா!"

கிருத்திகா கையைத் தூக்கினாள்.

பாதியில் நிறுத்தினாள். யாரோ கூப்பிட்டதுபோலக் கட்டில் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்த முகத்தில் வருத்தம் இருந்தது.

"வேண்டாங்கறாங்கம்மா. நீ ஓடிப் போயிருவியாம்."

மெத்தையிலிருந்த குழி மெல்ல அசைந்து சுவரோரமாக ஒதுங்கியது. இந்தப் பக்கம், ஒரு சின்ன உடம்பு படுக்குமளவுக்கு இடம் விட்டு.